அம்பு ஒரே மாதிரி பறக்கவில்லையா? பிளஞ்சரைத் திருகுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

முதல் மூன்று அம்பும் இலக்கின் நடு மஞ்சளில் நெருக்கமாகக் குத்தி நிற்கும். நான்காவது நீலத்துக்கு ஓடிவிடும். ஐந்தாவது பறக்கும்போதே வாலை ஆட்டிக்கொண்டு போகும். அதே வில், அதே கை, அதே தூரம். இலக்கு அம்பெய்தலுக்குப் புதிதாக வருகிறவர்களில் இந்த நாளைப் பார்க்காதவர்கள் குறைவு, எனக்கு அது மூன்று மாதம் நீடித்தது. அந்த மூன்று மாதமும் அம்பு இடப்பக்கம் போனால் பிளஞ்சரை (அம்பின் பக்கவாட்டைத் தாங்கும், உள்ளே சுருள் உள்ள பொத்தான்) ஒரு பக்கம் திருகினேன், வலப்பக்கம் போனால் மறுபக்கம் திருகினேன். கடைசியில் அம்பே சரியில்லை என்று முடிவுகட்டி ஒரு டஜன் புதிய அம்பு வாங்கினேன், அவையும் அப்படியேதான் பறந்தன. உண்மையான காரணத்தை 3-ஆம் படியில் சொல்கிறேன். அதைச் சரிசெய்ய ஆனது 20 நிமிடமும், நாணின் நடுவில் சுற்றும் சர்விங் நூல் கொஞ்சமும்தான்.

இங்கே சொல்வதெல்லாம் ரிக்கர்வ் வில்லுக்கு (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), வலக்கையால் நாண் இழுப்பவருக்கு. இடக்கையால் இழுப்பவர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். படிகளைச் செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கி அடுக்கியிருக்கிறேன், அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. எதையும் திருகாமல் 36 அம்பு எய்யுங்கள் (ஒரு மாலை, செலவு இல்லை)

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வில் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவையுங்கள்: பிரேஸ் ஹைட் (கிரிப்புக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பைப் பூட்டும் இடத்தின் குறி) உயரம், மேல் கீழ் டில்லர் அளவு (லிம்ப், அதாவது வில்லின் வளையும் கை, தொடங்கும் இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம்), பிளஞ்சர் எத்தனை சுற்று உள்ளே போயிருக்கிறது, கிளிக்கர் (முழுதாக இழுத்ததும் சத்தத்தோடு விழும் தகடு) இருக்கும் இடம், சைட் (குறிகாட்டி) எண், அம்பின் நீளம், பாயிண்ட் (அம்பின் கூர்முனைத் துண்டு) எடை, தேதி. நாளைக்கு எல்லாம் குழம்பிப்போனால் திரும்பி வருவதற்கு இந்த ஒரு பக்கம்தான் உங்களிடம் இருக்கும். நான் எழுதிவைக்கவில்லை. அதனால் மூன்று மாதம் கழித்து, எந்த இடத்தில் தொடங்கினேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்புறம் 6 அம்பு எடுத்து, தண்டில் 1 முதல் 6 வரை அழியாத பேனாவால் எண் போடுங்கள். 18 மீட்டரோ 30 மீட்டரோ, உங்களுக்கு நன்றாகப் பழகிய தூரத்தில் நில்லுங்கள். 70 மீட்டர் வேண்டாம், அங்கே காற்றும் சேர்ந்து குழப்பும். எண்டுக்கு (அம்பைப் பிடுங்கப் போகும்வரை எய்யும் ஒரு சுற்று) 6 அம்பு வீதம் 6 எண்ட். நோட்டில் ஒரு இலக்குப் படம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு எண்டிலும் அம்பைப் பிடுங்குவதற்கு முன்பே எந்த எண் எங்கே குத்தியது என்று குறித்துவிடுங்கள். பிடுங்கிய பிறகு ஞாபகத்திலிருந்து குறிக்கலாம் என்று நினைத்தால் தப்பாகத்தான் குறிப்பீர்கள்.

36 புள்ளியும் விழுந்த பிறகு படத்தைப் பாருங்கள். 4-ஆம் எண் மட்டும் ஆறில் ஐந்து தடவை அதே மூலைக்குப் போயிருந்தால் கோளாறு அந்த அம்பில் இருக்கிறது. எல்லா அம்பும் ஓரளவு ஒன்றாகக் குவிகின்றன, ஆனால் பறக்கும்போது வால் ஆடுகிறது என்றால் அது வில்லின் டியூனிங். எந்த எண் எங்கே போகும் என்று சொல்லவே முடியாதபடி சிதறியிருந்தால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது அம்பு எங்கோ உரசுகிறது, அல்லது காரணம் உங்கள் கை. நிலையான கோளாறு நிலையான அடையாளத்தை விட்டுப் போகும். பிளஞ்சர் தவறான இடத்தில் இறுகி நின்றால் எல்லா அம்பையும் அது ஒரே மாதிரிதான் கெடுக்கும், ஒன்றை மஞ்சளுக்கும் அடுத்ததை நீலத்துக்கும் அனுப்பாது. இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு டஜன் அம்பு வாங்கியிருக்க மாட்டேன்.

2. அம்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள் (அரை மணி நேரம்)

கார்பன் அம்பு என்றால் முதல் வேலை பாதுகாப்பு. இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காதருகே கேளுங்கள். "டிக்" என்று ஒரு சின்ன விரிசல் சத்தம் வந்தாலும், விரல் நுனியில் நார் தட்டுப்பட்டாலும் அந்த அம்பை உடைத்தே போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்து கையில் ஏறும், அதனால் அதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, பாயிண்டைத் தரையில் ஊன்றியோ உள்ளங்கையில் வைத்தோ அம்பைப் பம்பரம்போல் சுழற்றுங்கள். நேரான அம்பு அமைதியாகச் சுழலும். கோணலானது கையில் அதிரும். பாயிண்டைத் திருகிப் பாருங்கள், பசை விட்டிருந்தால் ஆடும். திரும்ப ஒட்டும்போது நெருப்பைப் பாயிண்டில் காட்டுங்கள், கார்பனில் காட்ட வேண்டாம், அதிகச் சூடு தண்டையே கெடுத்துவிடும். இறகுகளில் கிழிந்ததும் மடங்கியதும் இருந்தால் மாற்றுங்கள். மூன்று இறகில் நிறம் மாறிய ஒன்று வில்லுக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அவசரத்தில் ஒரே ஒரு அம்பைத் திருப்பிப் பூட்டினால் அது மட்டும் தனியாகப் போய் விழும், நீங்கள் உங்கள் ரிலீஸை, அதாவது நாணை விடும் விதத்தை, சந்தேகிப்பீர்கள்.

படத்தில் தனித்துப் போன அந்த 4-ஆம் எண் அம்பில் ஒன்றுமே தெரியவில்லையா? அதன் வாலில் நாணைக் கவ்வும் நாக் துண்டை மாற்றிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பும் கோணலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அம்பில் இருக்கும் பாகங்களில் இதைவிட மலிவானது கிடையாது, ஆனால் நாணை விட்டு அம்பு எப்படிப் பிரிகிறது என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

3. நாக் நாணை எப்படிக் கவ்வுகிறது (20 நிமிடம்)

என் மூன்று மாதக் கதை இங்கேதான் முடிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாண் பூட்டிய வில்லைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள், நாண் கீழே இருக்கட்டும். அம்பை நாணில் பூட்டி, கூர் தரையை நோக்கும்படி தொங்கவிடுங்கள். பிடி தவறினால் பாதத்தில் விழும், காலைத் தள்ளி வையுங்கள். அம்பு தானாக விழாமல் தொங்க வேண்டும். இப்போது நாக் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நாணை ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். அம்பு கழன்று விழ வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

நான் தட்டினேன், விழவில்லை. இன்னொரு தட்டு, விழவில்லை. நான்காவது தட்டுக்கு நாணே அதிர்ந்தது, அம்பு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன் நாணின் நடுவில் இருந்த சர்விங் நூல் தேய்ந்துபோய், நானே புதிதாகச் சுற்றியிருந்தேன். கையில் இருந்தது பழையதைவிடச் சற்றுத் தடித்த நூல். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் நாக் அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நாணை விட்டது. புதிதாக வாங்கிய அம்புகளிலும் அதே அளவு நாக் துண்டுகள், அதனால் அவையும் ஒழுங்காகப் பறக்கவில்லை. பழைய தடிமனில் நூல் வாங்கித் திரும்பச் சுற்றினேன். அன்று மாலையே நான்கு அம்பு ஒரு கையகலத்துக்குள் நின்றன. பிளஞ்சரைத் தொடவே இல்லை.

ரொம்பத் தளர்வாக இருப்பது இதைவிட மோசம். தட்டாமலே கழன்று விழும் அம்பு, இழுத்து நிற்கும்போது நாணிலிருந்து நழுவினால் வெறும் நாணை விட்டதற்குச் சமம். லிம்ப் பிளந்துபோகும்.

நாக்கிங் பாயிண்டையும் இப்போதே பாருங்கள். பித்தளை வளையம் என்றால் நகர்ந்திருக்கிறதா, நூல் முடிச்சு என்றால் தேய்ந்திருக்கிறதா? மேலும் கீழும் இரண்டு முடிச்சு கட்டியிருப்பவர்கள் நடுவில் மயிரிழை இடைவெளி விடுங்கள். முழுதாக இழுக்கும்போது நாண் அந்த இடத்தில் கோணமாக மடங்கும். இடைவெளி இல்லையென்றால் முடிச்சுகள் நாக்கின் இரு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துவிடும்.

4. வில்லில் தளர்ந்தது எது

ஆலன் சாவியை எடுத்து ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பாருங்கள். இறுக்க வேண்டியதில்லை, தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிளஞ்சரின் பூட்டுத் திருகு, சைட் பின், சைட்டை ரைசரில் (வில்லின் நடுப்பகுதி) பிடிக்கும் திருகு, கிளிக்கர், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் கம்பி). எய்த பிறகு வில்லில் புதிதாக ஒரு கிணுகிணுப்பு கேட்டால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். லிம்ப் போல்ட்டை மட்டும் நாண் பூட்டிய நிலையில் கண்டபடி கழற்றாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் வெளியே வந்தால் லிம்ப் பிய்த்துக்கொண்டு வரும்.

பிரேஸ் ஹைட் என்பது கிரிப்பின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம். 68 அங்குல வில்லுக்குப் பெரும்பாலும் எட்டரை முதல் ஒன்பதேகால் அங்குலத்துக்குள் எங்கோ ஒரு இடம் சரியாக அமையும். உங்கள் வில்லின் கையேட்டில் சொன்ன எல்லைதான் உங்களுக்கு எல்லை. நாணில் முறுக்கு ஏற்றினால் நாண் குறுகி இந்த அளவு கூடும், முறுக்கு இறக்கினால் குறையும். புது நாண் முதல் சில நாட்களுக்கு நீளும். அதனால் "நேற்று நன்றாக இருந்தது, இன்று ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இங்கேதான் இருக்கிறது. எய்யத் தொடங்குவதற்கு முன் தினமும் அளந்து எழுதுங்கள், ஒரு நிமிட வேலை.

வில்லுக்குப் பின்னால் நின்று நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் விழுகிறதா என்று பாருங்கள். லிம்பில் காகித டேப் ஒட்டி நடுவைக் குறித்துக்கொண்டால் சுலபம். நாணை அந்த நடுக்கோட்டில் நிறுத்திப் பார்க்கும்போது அம்பின் கூர் நாணுக்குச் சற்றே இடப்பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும், அம்பின் பாதித் தடிமன் அளவு போதும். லிம்ப் கோணலாக இருந்தால் இந்த அளவே பொய்யாகிவிடும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

5. உரசல்

அம்பு ரெஸ்டிலோ (அம்பைத் தாங்கும் சிறு கம்பி) ரைசரிலோ உரசினால் அடுத்த படியில் கிடைக்கும் எந்த முடிவையும் நம்ப முடியாது. இறகுகளின் ஓரத்திலும் தண்டின் கடைசிப் பகுதியிலும் லிப்ஸ்டிக் தடவி நாலைந்து அம்பு எய்யுங்கள். ரெஸ்டில், பிளஞ்சரில், வில்லின் ஜன்னலில் (அம்பு கடந்து போகும் வெட்டு) எங்காவது சிவப்பு ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் நாக் துண்டைக் கொஞ்சம் திருப்பி இறகின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். ரெஸ்டின் கம்பி அம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அம்புக்கு அடியில் மறைந்திருக்க வேண்டும். அப்படியும் உரசினால் பெரும்பாலும் அம்பு விறைப்பாக இருக்கிறது. அதை 7-இல் பார்ப்போம்.

6. இறகில்லா அம்புச் சோதனை (ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று நாள்)

பிளஞ்சரைத் திருகும் நேரம் இப்போதுதான் வருகிறது. பேர் ஷாஃப்ட் என்பது இறகு ஒட்டாத, மற்றபடி அதே அம்பு. இறகு பறத்தலின் தவறுகளைத் திருத்தி மறைத்துவிடும், இது மறைக்காது. இறகு இருந்த இடத்தில் அதே எடைக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 18 மீட்டரில், இறகுள்ள 3 அம்பும் இறகில்லாத 2 அம்பும் ஒரே புள்ளியைக் குறிவைத்து எய்யுங்கள். பேர் ஷாஃப்ட் சாய்வாகக் குத்தினால் உடையக்கூடும், மென்மையான பெரிய இலக்குப் பலகை முன் நில்லுங்கள், பின்னாலும் ஓரத்திலும் யாரும் இருக்கக் கூடாது.

முதலில் மேல் கீழ். பேர் ஷாஃப்ட் மற்றவற்றுக்கு மேலே குத்தினால் நாக்கிங் பாயிண்ட் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். கீழே குத்தினால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இது சரியாகும்வரை இடம் வலத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்புறம் இடம் வலம். பேர் ஷாஃப்ட் இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு: பிளஞ்சர் சுருளைத் தளர்த்துங்கள், அல்லது இழுவிசையைக் கொஞ்சம் கூட்டுங்கள். வலப்பக்கம் போனால் அம்பு மெலிவு, அதாவது அதிகம் வளைகிறது: சுருளை இறுக்குங்கள், அல்லது இழுவிசையைக் குறையுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று என்று போங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று எண்ட் எய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரே மாலையில் நாக்கிங் பாயிண்ட், பிளஞ்சர், பிரேஸ் ஹைட் மூன்றையும் மாற்றுவார்கள். நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். களைத்துப்போன கையோடு இந்தச் சோதனையைச் செய்யவும் வேண்டாம், கடைசி அரை மணி நேரத்தில் பேர் ஷாஃப்ட் காட்டுவது உங்கள் சோர்வைத்தான்.

எவ்வளவு நெருங்கினால் போதும்? புதியவருக்கு, 18 மீட்டரில் பேர் ஷாஃப்ட் மற்ற அம்புகளிலிருந்து ஒரு கையகலத்துக்குள் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன். அதற்கு மேல் துரத்துவதைவிடப் பயிற்சி எய்தால் அதிக பலன் கிடைக்கும்.

7. காசு செலவாகும் இடம்: ஸ்பைன்

பிளஞ்சரை எந்தப் பக்கம் எவ்வளவு திருகியும் பேர் ஷாஃப்ட் அசைந்து கொடுக்கவில்லை என்றால்தான் அம்பின் ஸ்பைன் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதே ஸ்பைன். 500 என்றால் அரை அங்குலம் வளைகிறது. ஆகவே எண் கூடினால் அம்பு மெலிவு. கடைக்குப் போகும் புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது ரொம்பச் சாதாரணம்.

அம்பு வாங்குவதற்கு முன் இரண்டு அளவு கையில் இருக்க வேண்டும். ஒன்று, நீங்கள் கிளிக்கர் விழும்வரை இழுக்கும்போது விரலில் உண்மையில் ஏறும் விசை, அதைக் கொக்கித் தராசால் அளக்கலாம். லிம்பில் அச்சிட்டிருக்கும் எண் 28 அங்குல இழுவைக்கு உரியது, உங்கள் கை 26 அங்குலம்தான் இழுக்கிறது என்றால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது, அம்பின் நீளம். நாக் துண்டின் பள்ளத்திலிருந்து தண்டின் முனை வரை அளப்பது, பாயிண்டைச் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் வைத்துத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பாருங்கள்.

அட்டவணை சொல்வது தொடக்கம்தான். மெலிவாக இருந்தால் தண்டைக் கொஞ்சம் வெட்டலாம், அல்லது எடை குறைந்த பாயிண்ட் போடலாம். விறைப்பாக இருந்தால் கனமான பாயிண்ட். முதலில் பாயிண்டை மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் வெட்டிய தண்டு திரும்ப வளராது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் வேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரத்தில் கால் அங்குலம், கால் அங்குலமாக, முகக் கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று: உங்கள் இழுவிசை இன்னும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் விலை உயர்ந்த அம்பு இப்போது வேண்டாம். அடுத்த லிம்ப் வாங்கும் நாளில் அது மெலிந்த அம்பாகிவிடும்.

8. மிச்சம் இருப்பது நீங்கள்

மேலே உள்ளவை எல்லாம் சரி, ஆனால் சிதறல் இன்னும் இருக்கிறது. சரி, முதல் நாள் படத்தைத் திரும்ப எடுங்கள். மேல் கீழாகச் சிதறினால் இழுவை நீளம் மாறுகிறது, அல்லது கிரிப்பில் உள்ளங்கையின் அடிப்பகுதி சில நேரம் அழுந்தி சில நேரம் விடுகிறது, அல்லது மூன்று விரல்களின் பங்கு மாறுகிறது. பக்கவாட்டில் சிதறினால் வில் பிடிக்கும் கை முறுக்குகிறது, அல்லது விடும்போது நாண் விரல் முகத்தை விட்டு வெளியே பிடுங்குகிறது. போனில் மெதுவான வேகத்தில் பின்னாலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள், பிடிப்பவர் எய்யும் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு வாரம் 5 மீட்டரில், இலக்குத் தாள் இல்லாத வெறும் பலகையில் எய்யுங்கள். குறி பார்க்கும் கவலை போனால் கை செய்வது தெரியும்.

காம்பவுண்ட் வில் (நுனிகளில் கேம் என்னும் சக்கரங்கள் உள்ள வில்) வைத்திருப்பவர்களுக்கு 1, 2, 5 படிகள் அப்படியே பொருந்தும். அவர்கள் கூடுதலாக இரண்டு கேமும் ஒரே நேரத்தில் திரும்புகிறதா, டி-லூப் (நாணில் கட்டிய சிறு வளையம்) நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரஸ் (லிம்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் அதன் நாணைக் கழற்ற முயலாதீர்கள்.

9. எப்போது செய்வது

1 முதல் 5 வரை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். 6-க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். புது நாண் போட்டிருந்தால் அது நீண்டு நிலைப்பதற்கு இருநூறு அம்பாவது எய்துவிட்டு 6-ஐத் தொடங்குங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், பிரேஸ் ஹைட் அளப்பது மட்டும் நடக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது: மாற்று நாண் ஒன்றை அதே தடிமன் சர்விங், அதே நாக்கிங் பாயிண்ட் உயரத்தோடு தயார்செய்து, ஒரு நாள் பயிற்சி முழுக்க அதிலேயே எய்து பாருங்கள். அப்புறம் கழற்றி, எத்தனை முறுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்துப் பையில் போட்டுவிடுங்கள்.